துகள் வீட்டாரும் ஓட்ட வீட்டாரும்

மனிதனுக்கு ரத்தக்குழாயில் கீறல் விழுந்தால் ரத்தம் உறைய ஐந்தாறு நிமிடம் போதும். தேஜோன் நகரில் யோம் பேராசிரியரின் ஆய்வகத்தில் அதே ரத்தம் ஏழு வருடமாக உறையாமல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஓட்டத்தில் மாட்டிக்கொண்டு கரை சேராமல் கிடந்தவன் தாக் இன்மோ.

நிஜ ரத்தம் அல்ல. கணினிக்குள் கணக்காக ஓடும் ரத்தம். அதில் ஒரு சங்கடம். குழாய் முழுவதையும் துகள் துகளாகக் கணக்கிட்டால், நாட்டிலுள்ள கணினி அத்தனையையும் கோத்து ஓட்டினாலும் பட்டம் வாங்க இன்மோவின் பேரன்தான் போக வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் ஆறு மாதிரி ஒரே வெள்ளமாகக் கணக்கிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் வேலை முடியும். ஆனால் வெள்ளத்துக்கு உறையத் தெரியாது. ஆகவே கலப்பு முறை. கீறலுக்குப் பக்கத்தில், அதை அடைக்க ஓடிவரும் ரத்தத் துகளான தட்டணு ஒவ்வொன்றும் தனித்தனி ஆள், அததற்குத் தனித்தனிக் கணக்கு. அதைத் தாண்டினால் ஆள் கணக்கு கிடையாது, மொத்தமும் ஓட்டம். வெள்ளம் ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் துகள்கள் ஆயிரம் தடவை துள்ளி முடித்திருக்க வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் மெல்லிய பட்டை ஒன்று உண்டு. அங்கே துகளும் ஓட்டமும் ஒன்றின்மேல் ஒன்று கவிந்திருக்கும். "என் பக்கம் வேகம் இவ்வளவு, உங்கள் பக்கம் எப்படி" என்று அடிக்கு அடி சேதி மாற்றிக்கொள்ள வேண்டும். இந்தத் தொழில்காரர்கள் உலகம் முழுக்க அதைக் கைகுலுக்கும் பட்டை என்கிறார்கள். கைகுலுக்கலில் ஒரு வசதி, இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கையை நீட்டலாம். தேஜோனில் பழக்கம் குனிவது. குனிவதென்றால் யாராவது ஒருத்தர் முதலில் குனிந்தாக வேண்டும்.

துகள் நிரல் இன்மோ எழுதியது. ஓட்ட நிரல் கில் ஹாக்சு எழுதியது. இரண்டையும் சேர்த்து வைப்பதுதான் பேராசிரியரின் வாழ்நாள் கனவு. இரண்டு நிரல்களுக்கும் பொருத்தம் பிரமாதம். சம்பந்திகளுக்குத்தான் ஆகாது.

சண்டை என்று ஒன்றும் நடந்ததில்லை. நடந்திருந்தால் நல்லது. விஷயம், யார் பெரியவன் என்பது. ஹாக்சு பிறந்தது நவம்பரில், இன்மோ அதை அடுத்த பிப்ரவரியில். வித்தியாசம் மூன்றே மாதம்தான், ஆனால் நடுவில் புத்தாண்டு வந்து உட்கார்ந்துவிட்டது. அந்த ஊரில் பிறந்த வருடம் மாறினால் வயதும் மாறும். ஒரே வருடத்துப் பிள்ளைகளாக இருந்தால் தோளில் கை போட்டுத் திரிந்திருக்கலாம். அந்த வழி அடைபட்டுவிட்டது. ஆக வயதால் ஹாக்சு அண்ணன். ஆய்வகத்தில் சேர்ந்ததோ இன்மோ ஒரு பருவம் முன்னால். ஆக வரிசையால் இன்மோ மூத்தவன். இரண்டு சட்டமும் செல்லுபடியாகும் சட்டங்கள். இரண்டு பேரும் தமக்குத் தோதான சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வருடக்கணக்காக முதுகோடு முதுகு உட்கார்ந்திருந்தார்கள்.

ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுவது என்ற கேள்விக்கு அவர்கள் கண்டுபிடித்த விடை, கூப்பிடாமலே இருப்பது. பேச்செல்லாம் மொட்டைப் பேச்சு. "அச்சு இயந்திரம் காலியா?" "ஆச்சு." "கூட்டத்துக்குப் போகலையா?" "போகணும்." புதிதாகக் கல்யாணமான மாப்பிள்ளை மாமனாரிடம் பேசுவது போல, ஆளைத் தொடாமல் வினைச்சொல்லை மட்டும் காற்றில் விடுவார்கள். காலையில் நடைபாதையில் எதிரெதிரே வந்தால் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கைப்பேசியில் அவசரச் செய்தி வந்துவிடும். முதலில் குனிபவன் சின்னவன் அல்லவா. உணவகத்திலோ தலைகீழ், அங்கே மூத்தவன்தான் முதலில் கரண்டியை எடுக்க வேண்டும். அதனால் தட்டு மேசையைத் தொடுவதற்குள் இரண்டு பேரும் கொதிக்கிற சூப்பை வாயில் ஊற்றிக்கொண்டு, நாக்கு வெந்து, ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு முடிப்பார்கள்.

எலிக் குருத்தெலும்பில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த நோ சோல்மிதான் பக்கத்து மேசை. அவள் இரண்டு பேருக்குமே சின்னவள், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லாததால் நிம்மதியாக இருந்தாள். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு கீறல் போட்டாப் போதும், கணினியே வேண்டாம், ரத்தம் தானா உறைஞ்சிடும்" என்று ஒருநாள் சொன்னாள். இரண்டு பேரும் மற்றவனைத்தான் சொல்கிறாள் என்று சிரித்தார்கள்.

அந்த வருடம் இன்மோவுக்கு இழுத்தடிக்க இடமில்லை. டிசம்பரில் வாய்மொழித் தேர்வு. உறைந்த ரத்தத்தைத் திரையில் கண்ணாரக் காட்டினால்தான் கையெழுத்து என்று தேர்வுக் குழு தெளிவாகச் சொல்லிவிட்டது. பெருங்கணினியில் ஆய்வகத்துக்கு ஒதுக்கிய நேரம் நவம்பர் மாதக் கடைசியோடு தீர்கிறது. ஜனவரியில் பேராசிரியர் ஒரு வருட விடுப்பில் வெளிநாடு போகிறார். இந்தத் தடவை தவறினால், அவர் திரும்பும்வரை இன்மோ ஆய்வகத் தலைவன் என்ற பட்டத்தோடு இங்கேயே இருக்க வேண்டும். அந்தப் பட்டத்தின் முக்கியக் கடமைகள் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் குளிர்பெட்டியில் கெட்டுப்போன கிம்ச்சி யாருடையது என்று விசாரிப்பதும். பாங்யோவில் வேலை தருவதாகச் சொன்ன நிறுவனம் அதுவரை காத்திருக்காது. வெளியே போக வேண்டும். இன்மோவுக்கு வேறு பிரார்த்தனை இல்லை.

அக்டோபர் கடைசியில், பட்டையில் யார் முதலில் சேதி அனுப்புவது என்று முடிவு செய்யக் கூட்டம் நடந்தது. ஒரு பக்கம் முதலில் அனுப்ப வேண்டும். மறுபக்கம் அதை வாங்கிக்கொண்டு பிறகு தன்னுடையதை அனுப்ப வேண்டும். எந்தப் பக்கம் எது என்பது கணக்கைப் பொறுத்தவரை பொருட்டே அல்ல. அதனாலேயே பெரிய பிரச்சினை ஆனது. இன்மோ கூரையைப் பார்த்தான். ஹாக்சு பேனாவைத் திறந்து மூடினான். பேராசிரியருக்கு அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது.

"இதுல யோசிக்க என்னப்பா இருக்கு? நம்ம ஊர்ல எங்கயும் நடக்கிறதுதான். சின்னவன் முதல்ல வணக்கம் வெப்பான், பெரியவன் வாங்கிக்கிட்டுப் பதில் சொல்லுவான். அதே மாதிரி எழுதிடுங்க."

"சரிங்க சார்" என்றார்கள் இரண்டு பேரும், ஒரே குரலில்.

இன்மோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தான். இத்தனை வருட வழக்கில் மேலிடத்துத் தீர்ப்பு வந்துவிட்டது. ஹாக்சுவும் நெஞ்சை நிமிர்த்தித்தான் வந்தான். இன்மோ அதைக் கவனித்தான். தோற்றதை வெளியே காட்டிக்கொள்ளாமல் நடக்கிறான், பாவம், என்று நினைத்துக்கொண்டான்.

அன்று மாலையே தன் நிரலில் அந்த வரியை எழுதினான்: எதிர்ப்பக்கத்திலிருந்து முதல் வணக்கம் வரும்வரை காத்திரு, வந்தபின் பதில் அனுப்பு. எழுதும்போது ஒரு பெருந்தன்மை பொங்கியது. எவ்வளவு நேரமானாலும் காத்திரு என்று எழுதினான். கால வரம்பு வைப்பது சின்னத்தனம். தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் ஹாக்சுவின் விசைப்பலகையும் அதே நிதானத்தில் தட்டிக்கொண்டிருந்தது.

சோதித்துப் பார்க்காமலா விட்டார்கள்? சோதித்தார்கள். ஆனால் சோதனைக்கு மற்றவனுடைய நிரலைக் கேட்க வேண்டும், கேட்பதென்றால் முதலில் வாயைத் திறக்க வேண்டும். அதனால் ஒவ்வொருவனும் எதிராளிக்குப் பதில் ஒரு பொம்மை நிரல் செய்துகொண்டான். இன்மோவின் பொம்மை ஹாக்சு மிகவும் மரியாதையானவன். கூப்பிடுமுன் ஓடி வந்து வணக்கம் சொன்னான். ஹாக்சுவின் பொம்மை இன்மோவும் அப்படியே தங்கமான பிள்ளை என்பது பிறகு தெரிந்தது. இரண்டு சோதனையும் நூற்றுக்கு நூறு.

நவம்பர் தொடக்கத்தில் பூசை போட்டு ஓட்டினார்கள். அந்த ஊர்ப் பூசைக்குப் பன்றித் தலை வேண்டும். ஆய்வகத்தில் ரத்த வாடை ஆகாது என்று பேராசிரியர் ஒரு பலகைக் கணினியில் சிரித்த முகமான பன்றித் தலையின் படத்தைப் போட்டு நிறுத்தினார். முன்னால் அரிசிப் பிட்டு, காகிதக் குவளையில் மக்கோலி என்ற அரிசிக் கள். பன்றியின் வாயில் செருக வேண்டிய பணத்தாள் கண்ணாடியில் செருக முடியாததால் ஒட்டுநாடாவால் ஒட்டப்பட்டது. எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள். பன்றிக்கு யார் முதலில் குனிவது என்பதில் தகராறு வரவில்லை. பன்றிக்கு எல்லாருமே சின்னவர்கள்.

ஓட்டம் தொடங்கியது. கண்காணிப்புத் திரையில் ஆயிரக்கணக்கான பச்சைக் கோடுகள் உச்சியைத் தொட்டு அப்படியே நின்றன. ஒரு செயலி விடாமல் முழு உழைப்பு. யோம் பேராசிரியர் இப்படி ஒரு காட்சியைப் பார்த்ததே இல்லை. மற்ற ஆய்வகங்களின் வேலைகள் ஏறும், இறங்கும், மூச்சு வாங்கும். இது இமயத்தைப் போல் நின்றது. அமைச்சகத்திலிருந்து வந்த இரண்டு அதிகாரிகளைக் கூட்டி வந்து காட்டினார். "பாருங்க, ஒரு நிமிஷம் சும்மா இல்ல" என்றார். அதிகாரிகள் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அது உண்மைதான், சும்மா இல்லை. இந்த ரகக் கணினிகளுக்குக் காத்திருக்கும்போது தூங்கத் தெரியாது. வந்தாச்சா, வந்தாச்சா என்று நொடிக்குக் கோடி தடவை வாசலை எட்டிப் பார்த்தபடிதான் காத்திருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு உழைப்பும் எதிர்பார்ப்பும் ஒரே பச்சையாகத்தான் தெரியும்.

பதிவேட்டில் ஒரே ஒரு வரி இருந்தது: "தொடங்கியது." முதல் நாள் அது இயல்பு. மூன்றாம் நாள், துகள் நிறைய, மெதுவாகத்தான் எழுதும் என்று இன்மோ சமாதானம் சொல்லிக்கொண்டான். ஒரு வாரம் ஆனதும் உள்ளுக்குள் எறும்பு ஊரத் தொடங்கியது. அப்போதும் அவன் தன் பக்கத்தைச் சந்தேகிக்கவில்லை. ஹாக்சுவின் ஓட்ட நிரல் எப்போதுமே கொஞ்சம் மந்தம், முதல் சேதியைத் தயார் செய்துகொண்டிருக்கும், வரட்டும். பலகையைத் தாண்டி எட்டி "உங்க பக்கம் என்ன ஆச்சு" என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் கேட்பதும் ஒருவகையில் முதல் வணக்கம்தானே.

அந்த நாட்களில் அவன் நன்றியுரை எழுதினான். பேராசிரியருக்கு ஒரு பத்தி, பெற்றோருக்கு ஒரு பத்தி, எலிகளுக்காகச் சோல்மிக்கு ஒரு வரி. ஹாக்சுவுக்கு என்ன அடைமொழி போடுவது என்று தெரியாமல் அந்த இடத்தில் புள்ளி வைத்து விட்டான்.

நவம்பர் இரண்டாம் பாதியில் பயம் பெருந்தன்மையை வென்றது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குள் எட்டிப் பார்க்க ஒரு கருவி உண்டு. அதை மாட்டிப் பார்த்தான். துகள்கள் ஒன்றும் துள்ளவில்லை. ஒரு தட்டணுகூட இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. நிரல் அவன் எழுதிய அந்த ஒரே வரியில், முதல் வணக்கத்துக்காக, தவம் இருந்தது. இரண்டு வாரப் பெருங்கணினி நேரம் புகையாகப் போயிருந்தது.

அவனுக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல, சந்தோஷம். அனுப்ப வேண்டியவன் அனுப்பவில்லை! கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. அதை ஒரு தாளில் அச்சடித்து, குற்றவாளியின் வரியைச் சிவப்பில் கோடிட்டு, எழுந்து பலகையைச் சுற்றிக்கொண்டு போனான். தண்ணீர்ச் சுத்திகரிப்பான் பக்கத்தில் ஹாக்சு எதிரே வந்தான். அவன் கையிலும் ஒரு தாள். அதிலும் சிவப்புக் கோடு.

இரண்டு பேரும் தாள்களை மாற்றிக்கொண்டார்கள். அதுதான் அந்த மாதம் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நடந்த முதல் தகவல் பரிமாற்றம்.

"இங்க வணக்கம் வரலைன்னு போட்டிருக்கு" என்றான் ஹாக்சு.

"இங்கயும் அதேதான் போட்டிருக்கு."

"சின்னவர் பக்கம்தானே அனுப்பணும்னு சார் சொன்னாரு."

"அதத்தான் நானும் சொல்றேன். சின்னவர் பக்கம்தான்."

குழாயிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தட்டில் விழுந்தது. சோல்மி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எலிகளை மறந்தாள்.

"ஒரு வரி மாத்தினாப் போதும்" என்று ஆரம்பித்தான் இன்மோ. "அந்தப் பக்கம் மாத்திட்டா..."

"இந்தப் பக்கம் மாத்தினாலும் போதும்" என்று இன்மோவின் மேசையைக் காட்டினான் ஹாக்சு. பிறகு குவளையில் மெதுவாகத் தண்ணீர் பிடித்தான். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. என் தேர்வு அடுத்த வருஷம்தான்."

இன்மோ பேராசிரியரிடம் ஓடினான். அவர் விசா நேர்காணலுக்காகக் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வாரம் வீணான விஷயத்தை இன்மோ சுற்றி வளைத்துச் சொன்னான். கேட்கக் கேட்க அவர் கை கழுத்துப்பட்டையை இறுக்கிக்கொண்டே போனது. கடைசியில் யார் சின்னவன் என்று சார் மனதில் நினைத்துச் சொன்னார் என்று கேட்டான். பேராசிரியர் யோசித்தார். வயது கேட்டார். சேர்ந்த வருடம் கேட்டார். மறுபடி வயது கேட்டார். அவர் மனதில் அப்படி யாரும் இருக்கவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"ஏம்ப்பா, அதை உங்களுக்குள்ள பேசி வெச்சிருப்பீங்கன்னுல்ல நெனச்சேன்" என்றார். நேர்காணலுக்கு இன்னும் நேரம் இருந்தும் கிளம்பிவிட்டார்.

மீதி இருந்தது ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் மேல். ரத்தம் உறைய நான்கு நாள் ஓட வேண்டும். இன்மோ தரகர் வைத்துப் பார்க்கலாமா என்று யோசித்தான்: இரண்டு பக்கத்துக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு நிரல், அது இரண்டு பேரிடமும் போய் வணக்கம் சொல்லி, இவர் சேதியை அவரிடமும் அவர் சேதியை இவரிடமும் கொடுக்கும். எத்தனையோ கல்யாணம் அப்படித்தான் நடந்திருக்கிறது. ஆனால் அதை எழுதிச் சரிபார்க்கவே பத்து நாள் ஆகும்.

மறுநாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபின் அவன் தனியாக உட்கார்ந்து அந்த வரியைப் பார்த்தான். மாற்றினால் மாற்றியவன் பெயரும் தேதியும் நிரல் வரலாற்றில் நிரந்தரமாக நிற்கும். பின்னால் வருகிற மாணவர்கள் எல்லாரும் படிப்பார்கள்: துகள் பக்கம் முதலில் குனிந்தது. மறுபக்கம் பாங்யோவை நினைத்தான். அங்கே யாரும் அவனை எந்த வருடத்தில் பிறந்தவன் என்று கேட்கப் போவதில்லை. கேட்டாலும் ஹாக்சு அங்கே இல்லை. கிம்ச்சி விசாரணையை நினைத்தான். கண்ணை மூடிக்கொண்டு மாற்றினான். முதலில் அனுப்பு, பிறகு வாங்கு. பொதுக் கோப்பில் சேர்த்து, வேலையை மறுபடி வரிசையில் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் போய் இரண்டு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டான்.

அன்று மாலை ஓட்டம் தொடங்கியது. பச்சைக் கோடுகள் உச்சிக்குப் போயின. பதிவேட்டில் ஒரு வரி: "தொடங்கியது."

மறுநாள் காலையிலும் அதே ஒரு வரி.

இன்மோ கருவியை மாட்டினான். இந்தத் தடவை துகள் பக்கம் வணக்கத்தைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றது. எதிர்ப்பக்கம் வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை என்று பார்த்தால், ஓட்டப் பக்கமும் தன் வணக்கத்தை ஏந்திக்கொண்டு நின்றது. பட்டைச் சேதி ரொம்பப் பெரிது. எதிரே இருப்பவன் கை நீட்டி வாங்கினால்தான் இவன் கையிலிருந்து இறங்கும். நிச்சயதார்த்தத்தில் இரண்டு சம்பந்தியும் ஆளுக்கொரு தாம்பாளத்தை நீட்டிக்கொண்டு நின்றால் எப்படி? கொடுக்க இரண்டு பேர் இருக்கிறார்கள், வாங்கத்தான் கை இல்லை. வரலாற்றைத் திறந்தான். தன் பெயருக்குக் கீழே, அதே மத்தியானத்தில், ஹாக்சுவின் பெயர். அவனும் அந்த வரியை மாற்றியிருந்தான்.

பெயரையும் தேதியையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். தனக்காக இந்த மனிதன் தலை குனிந்தானா. பலகையைச் சுற்றிக்கொண்டு போனான்.

"எதுக்கு மாத்தினது?" என்றான். நெகிழ்ச்சியிலும் மொட்டைப் பேச்சுதான் வந்தது.

ஹாக்சு ஒளிக்கவில்லை. "பட்டம் கெடைக்கலன்னா அடுத்த வருஷம் ஆய்வகத் தலைவர் யாரு? சேர்ந்த வரிசைதானே பாப்பாங்க. எனக்கு ஒரு நாள் லீவு வேணும்னாக்கூட வருஷம் பூரா அந்த மேசை முன்னால வந்து கையைக் கட்டி நிக்கணும். அதுக்கு ஒரு வரி மாத்தித் தொலைச்சிட்டா ஆள் கெளம்பிடும்ல."

இன்மோவின் நெகிழ்ச்சி அதோடு சரி. "சரி, மாத்தினதைப் பழையபடி வெச்சிடலாம். இந்தப் பக்கம் அனுப்பும்."

"அதெப்படி? ஒருத்தன் விட்டுக்கொடுத்ததைத் திரும்ப வாங்குவானா? மூஞ்சி என்ன ஆகிறது? அந்தப் பக்கம் வாபஸ் வாங்கிக்கலாம்."

"நான் மட்டும் எப்படி வாங்கறது? நான்தான் முதல்ல மாத்தினேன்."

"எட்டு நிமிஷம் முன்னால. பாத்தேன்."

இப்படியாக, வருடக்கணக்காக யார் பெரியவன் என்று மல்லுக்கட்டியவர்கள், யார் சின்னவன் என்று மல்லுக்கட்டத் தொடங்கினார்கள். ஹாக்சு தன் வயதை விட்டுக்கொடுத்தான். மூன்று மாதம் ஒரு வயதா என்றான். இன்மோ தன் வரிசையை விட்டுக்கொடுத்தான். ஒரு பருவம் ஒரு பருவமா என்றான். உணவகத்தில் கல்லாவுக்கு முன்னால் நான் தருகிறேன் நான் தருகிறேன் என்று கையைத் தட்டிவிடுகிறவர்களைப் போல நின்றார்கள். அந்தப் பக்கம் பெருங்கணினி இரண்டு தாம்பாளங்களையும் ஏந்திக்கொண்டு முழு மூச்சாக வியர்த்துக்கொண்டிருந்தது.

சோல்மிக்குப் பொறுக்கவில்லை. "நான் சின்னவ, ஒண்ணு கேக்கலாமா?" என்றாள். "இப்ப யாருக்கு அவசரம்?"

ஹாக்சு இன்மோவைப் பார்த்தான், இன்மோ நாட்காட்டியைப் பார்த்தான்.

"அவசரம் யாருக்கோ அவங்க மாத்துங்க. நான் எலிக்குத் தீனி வெக்கப் போறேன்."

மாற்ற வேண்டியவன் இன்மோதான் என்பதில் வாதிட இடமில்லை. உட்கார்ந்து பழைய வரியைத் திரும்ப எழுதினான்: முதல் வணக்கம் வரும்வரை காத்திரு. ஹாக்சு பின்னால் நின்று பார்த்தான். இன்மோ சேமித்ததும் ஹாக்சு ஓர் அடி பின்னால் போய், இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி, இடுப்பு மடங்கக் குனிந்து எழுந்தான்.

"இனிமே நல்லபடியாப் பாத்துக்கங்க, அண்ணே."

இத்தனை வருடமாக இன்மோ கேட்க ஆசைப்பட்ட சொல் அது. கேட்டபோது முதுகுத்தண்டில் சில்லென்று ஏதோ ஓடியது. ஏன் என்று அவனுக்கு அப்போது விளங்கவில்லை. விளங்க ரொம்ப நேரமும் ஆகவில்லை.

"அண்ணே, தொண்டை காயுது" என்றான் ஹாக்சு. காசு கொடுப்பது மூத்தவன் முறை அல்லவா. மூத்தவன் கீழே போய் மூன்று காப்பி வாங்கி வந்தான். மறுநாள் காலை "அண்ணே, பசிக்குது" என்றான். மூத்தவன் முட்டை ரொட்டி வாங்கினான். மத்தியானம் ஹாக்சுவும் சோல்மியும், சோல்மியின் தோழிகள் இரண்டு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, அண்ணன் கரண்டியை எடுக்கும்வரை மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும், கல்லாவுக்கு அண்ணன் போய்வரும்வரை, அதே மரியாதையோடு வாசலில் காத்திருந்தார்கள்.

பெருங்கணினியில் ஓட்டப் பக்கம் வணக்கம் சொன்னது, துகள் பக்கம் வாங்கிக்கொண்டது, பதில் சொன்னது. பதிவேட்டில் இரண்டாவது வரி விழுந்தது, பிறகு மூன்றாவது, பிறகு எண்ண முடியாமல் விழுந்துகொண்டே போனது. பச்சைக் கோடுகள் ஏறி இறங்கின, மூச்சு வாங்கின. பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு, முன்னால் நன்றாக இருந்ததே, ஏதோ கெட்டுவிட்டதா என்று கவலைப்பட்டார்.

ஒதுக்கிய நேரம் தீர அரை நாள் இருக்கையில், கீறலின் ஓரத்தில் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கின. முதலில் இரண்டு, பிறகு நாலு, பிறகு ஒரு குவியல். வெள்ளம் அதைச் சுற்றிக்கொண்டு வளைந்து போனது. இன்மோ நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து பார்த்தான். அவன் எழுதிய துகள்கள். ஒவ்வொன்றையும் அவனுக்குத் தெரியும் என்றுகூடச் சொல்லலாம். ஹாக்சு பலகைக்கு மேலே தலையை நீட்டி, தன் ஓட்டம் அந்தக் குவியலை இடிக்காமல் ஒதுங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீறல் மூடியது.

"நல்லா வந்திருக்கு அண்ணே" என்றான் ஹாக்சு. அதில் ஏதும் உள்குத்து இருந்த மாதிரி இன்மோவுக்குத் தெரியவில்லை.

டிசம்பரில் தேர்வுக் குழு உறைந்த ரத்தத்தை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டது. நன்றியுரையில் புள்ளி வைத்திருந்த இடத்தில் இன்மோ "தம்பி கில் ஹாக்சு" என்று எழுதினான். வாசலுக்கு வெளியே காத்திருந்தவர்கள் கைதட்டினார்கள். பாங்யோக்காரர்களுக்குச் சேதி அனுப்பிவிட்டு, ஏழு வருடத்துக்குப் பிறகு இன்மோ அந்தக் கட்டடத்தைவிட்டுத் திரும்பி வர வேண்டிய அவசியமில்லாமல் வெளியே இறங்கினான். காற்று குளிர்ச்சியாக இருந்தது. பின்னால் ஆய்வகம் மொத்தமும் வரிசையாக இறங்கி வந்தது.

அண்ணன் விருந்து வைக்காமல் போனால் ஊர் என்ன சொல்லும் என்று ஹாக்சுவே இடம் பார்த்து வைத்திருந்தான். பன்றி இறைச்சிக் கடையைத் தாண்டிப் போனார்கள். கோழிக் கடையையும் தாண்டிப் போனார்கள். எல்லாவற்றிலும் விலை கூடிய உள்நாட்டு மாட்டிறைச்சிக் கடையின் முன் ஹாக்சு நின்று கதவைத் திறந்து பிடித்து, அண்ணன் முதலில் நுழையட்டும் என்று ஒதுங்கினான். உள்ளே அண்ணனுக்கு மேசையின் தலைமாட்டில் இடம், அண்ணன் குவளைக்கு முதல் ஊற்று, அண்ணன் கரண்டியை எடுக்கும்வரை பதினோரு பேரின் மௌனம். இன்மோ கரண்டியை எடுத்தான். வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வர இன்னும் எத்தனை வாரம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டபடியே எடுத்தான்.

பணிப்பெண் வந்து நின்றாள். வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டாள். ஹாக்சு இன்மோவின் பக்கம் திரும்பி, பட்டம் வாங்கியவரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பாசமாகப் பார்த்தான். பிறகு தலையைத் தாழ்த்தி, இரண்டு கைகளாலும் விலைப்பட்டியலைப் பிடித்துக்கொண்டு, மூத்தவர் முன்னிலையில் பேச வேண்டிய அந்த அடங்கிய குரலில், இன்னும் நான்கு தட்டு விலா இறைச்சி கொண்டுவரச் சொன்னான்.